வெள்ளி விமானத்தின் பச்சைப் பட்டை

“அந்தப் பச்சைச் சேலைக்காரி யாருலே ஸ்டெனி? உனக்குத் தெரியாம இருக்காது.”

கணினியின் முன்னால் இருந்த ஸ்டெனி திரும்பிப் பார்த்தான். வாசற்படியில் நேசபாய் நின்றிருந்தாள். அவனுக்காகப் போட்ட காப்பிதான் கையில் இருந்தது. ஆனால் கொடுக்கவில்லை. பதில் வந்தால்தான் காப்பி என்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எந்தச் சேலைக்காரி மாமி?”

“சாருக்க கூட்டாளி நீதானே? எட்டு வருசமா இந்த ரூமுக்குள்ள இருந்து ரெண்டு பேரும் என்னதான் பேசினீங்க?”

நேசபாயின் கணவர் சுந்தர்சிங்கை அடக்கம் செய்து இருபத்து மூன்று நாளாகியிருந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்காக, இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் பறந்த போர் விமானங்களுக்கு அன்றிருந்த அதே வண்ணமும் குறிகளும் பூசித் தருவது அவருடைய பித்து. எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் அவற்றை இணையத்திலிருந்து இறக்கி ஓட்டினார்கள். பழைய புகைப்படங்களைப் பார்த்து ஆணி, தையல், துணிச் சுருக்கம் வரை அவர் வரைவார். நிறம் போடுவது ஸ்டெனியின் பொறுப்பு. தக்கலையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். சார் செய்து வைத்தவை அழிந்துபோகாமல் பிரதி எடுக்கத்தான் இன்று வந்திருந்தான்.

“பிளேனைத் தவிர ஒண்ணும் பேசல்ல மாமி.”

“கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாள் எனக்கிட்ட சொன்னாரு. ‘பெண்ணு காண வந்தப்ப அந்தப் பச்சைச் சேலையில நீ நின்ன நிப்பு கண்ணுக்குள்ளேயே இருக்கு’ன்னு. அன்னைக்கு நான் கட்டியிருந்தது அரக்குச் சேலை.”

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“புதுப்பெண்ணு, என்னத்தக் கேக்க? பொறவு விசாரிச்சேன். எங்க வீட்டுக்கு வாறதுக்கு முந்தின வாரம் கொட்டாரம் ஊருல ஒருத்தியைப் போய் பாத்திருக்காரு. அவதான். என்னைக் கெட்டிக்கிட்டு அவளைக் கண்ணுக்குள்ள வச்சிருந்திருக்காரு.”

முப்பத்தொரு வருடமாக நேசபாய் பச்சையில் ஒரு சேலை எடுத்ததில்லை. கன்னியாகுமரி பஸ் கொட்டாரத்தில் நிற்கும்போதெல்லாம் வெளியே பார்க்கமாட்டாள். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்றுதான் பார்ப்பாள்.

“கிறிஸ்மஸுக்குச் சேலை எடுக்கக் கூட்டிட்டுப் போனா, ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீயே எடு’ன்னு கடை வாசல்ல போய் நின்னுக்கிடுவாரு. அவளா இருந்தா தட்டுத் தட்டா இறக்கச் சொல்லிப் பாத்திருப்பாரு. அடக்கத்துக்குப் பச்சைச் சேலையில எவளாவது வாறாளான்னுகூட நோக்கிட்டிருந்தேன்லே. கண்ணீரைத் துடைச்சித் துடைச்சிப் பாத்தேன்.”

ஸ்டெனிக்குச் சிரிப்பு முட்டியது. குனிந்துகொண்டான்.

“நீ ஒண்ணு சொல்லு. யுத்த காலத்து பிளேனை மட்டும் அவரு தொட்டதே இல்லையே, என்னத்துக்கு?”

“அது முழுக்கப் பச்சையும் மண்ணு நிறமும் கலந்து அடிச்சிருக்கும் மாமி. சாருக்கு அதுக்கு முந்தி உள்ள வெள்ளி பிளேன்தான் இஷ்டம்.”

“பாத்தியா! பச்சையைக் கண்டா அவ ஞாபகம். மனசு தாங்காது.”

ஸ்டெனியின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

“மாமி, ஒரு காரியத்தை ஆருகிட்டயும் சொல்லப்பிடாதுன்னு சாரு எனக்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு.”

“சத்தியமா?” காப்பி தளும்பி அவள் விரலில் கொட்டியது. “அப்ப ஒருத்தி இருக்கா!”

அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நீ குளச்சலுக்குக் கல்யாணத்துக்குப் போன வாரம், சோறுகூட உண்ணாம இருந்து ஒரு பிளேன் செய்தாரே. அதுக்குப் பொறவுதானே படுத்தாரு? அதைக் காட்டு.”

“அது முடிக்காத வேலை மாமி. வேண்டாம்.”

“திறலே.”

திறந்தான். வெள்ளியாக மின்னும் இரட்டைச் சிறகு விமானம் ஒன்று திரையில் மெல்லச் சுழன்றது. அதன் உடம்பைச் சுற்றி அகலமான பச்சைப் பட்டை. சக்கரங்களும் பச்சை.

நேசபாய் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

“சாகப்போற நேரத்துலயும் அவ சேலையைத்தான் பிளேனுக்குச் சுத்தி விட்டிருக்காரு.”

 ஸ்டெனி கணினியின் ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பிய்த்துத் திருப்பி அவளிடம் நீட்டினான். அதே விமானத்தின் படம். பின்னால் சுந்தர்சிங்கின் சாய்ந்த கையெழுத்து.

‘பட்டை, சக்கரம்: சிவப்பு. சந்தேகமே இல்லை.’

நேசபாய் இரண்டு தடவை படித்தாள். “சிவப்புன்னு எழுதி வச்சிட்டு, பின்ன என்னத்துக்குப் பச்சை அடிச்சாரு?”

“நான் இல்லாத வாரம் அவரே நிறம் எடுத்திருக்காரு. சிவப்புன்னு நினைச்சித்தான் அடிச்சாரு மாமி.” அவன் குரல் இறங்கியது. “சாருக்குச் சிவப்பு, அரக்கு, பச்சை எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும். சின்ன வயசுல ஏர்ஃபோர்ஸுக்கு எடுக்காம திருப்பி அனுப்பினதும் அதுக்குத்தான். நெஞ்சளவு காணாதுன்னு வீட்டுல சொல்லிட்டாரு. பெண்ணு வீட்டுக்காரங்களுக்குத் தெரியப்பிடாதுன்னு மறைச்சது, பொறவு உங்ககிட்ட சொல்லவே வெட்கம்.”

நேசபாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆறிப்போன காப்பியை அவன் முன்னால் வைத்தாள்.

“இப்ப சிவப்பாக்கிருதேன் மாமி. ரெண்டு நிமிசம்.”

மவுஸை நகர்த்திய அவன் கையை அவள் பிடித்து நிறுத்தினாள்.

“மாத்தாத மக்கா. அது எனக்க சேலையாக்கும்.”