விலக்கில் ஒரு புள்ளி

திரையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

அவள் அதை இழுத்து ஓரமாக வைத்தாள்.

அடியில் இன்னொன்று இருந்தது.

அதையும் இழுத்தாள். அடியில் இன்னொன்று.

நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

நான்கு வழிச் சாலை வந்ததிலிருந்து அதில் செத்தவர்கள் எல்லோரும் அந்த வரைபடத்தில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு புள்ளி. சுங்கச்சாவடி வளைவில் ஒன்பது சிதறிக் கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தாலும் அம்மை போட்டதுபோலத் தெரிந்தது. ஊருக்குப் பாதை பிரியும் கருவேலங்குளம் விலக்கில் ஒன்றே ஒன்று.

விலக்கில் ஒரு கிலோமீட்டர் கல் உண்டு. அங்கே யார் அடிபட்டாலும் காவல் நிலையத்தில் கல்லின் இடத்தையே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் எல்லோரும் கல்லின் மேலேயே இருந்தார்கள்.

ஒருவர் மேல் ஒருவராக.

பதினான்கு பேர்.

கடைசியாகப் போனவர் மேலே. முதலில் போனவன் அடியில்.

சொடுக்கினால் பெயர் வராது. தேதி வரும்.

தேதி போதும். அடியில் இருந்தவன் அவள் தம்பி.



இந்த ஆண்டு மாவட்டத்துக்கு ஒரு நடைமேம்பாலம்தான். எங்கே என்பது மதியக் கூட்டத்தில் முடிவாகும். அவள் போட்டுத் தரும் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். கூட வைக்கும் அட்டவணையை யாரும் புரட்டியதில்லை.

அம்மா இப்போதும் அந்த விலக்கில்தான் பேருந்திலிருந்து இறங்குகிறாள். சாலையைக் கடந்தால்தான் வீடு.

புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிய வட்டம், உள்ளே எண். யாரோ ஒரு பெரிய மனிதர் செத்ததுபோல இருந்தது. அழித்தாள்.

நிறத்தைப் பரப்பிப் பார்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாக வயல்வரை பரவியது. அழகாக இருந்தது. அதையும் அழித்தாள்.

பிறகு ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, கல்லைச் சுற்றி வட்டமாக வைக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றிலிருந்தும் கல்லுக்கு ஒரு மெல்லிய கோடு.

இரண்டு கண்மாய்க்குள் விழுந்தன. ஒன்று பள்ளிக்கூட மைதானத்தில். தம்பி ஒரு கடலைக்காட்டில் போய் நின்றான்.

பக்கத்து இருக்கை பீர்முகமது டீ வாங்கி வந்தவர் நின்று பார்த்தார். புள்ளியை நகர்த்தினால் வேலை போய்விடும் என்றார். எது எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்க வேண்டும். இந்த வேலையில் முதல் நாள் பாடமே அதுதான்.

தெரியும் என்றாள்.

டீ ஆறுகிறது என்றார்.

வரைபடத்தின் கீழே, புள்ளிகள் கண்ணுக்குத் தெரிவதற்காக நகர்த்தப்பட்டுள்ளன என்று எழுதினாள். சிறிய எழுத்தில் அல்ல.

பதினான்கையும் வைத்து முடித்தபோது வட்டத்தில் ஒரு புள்ளி அளவுக்கு இடம் மிஞ்சியிருந்தது.

பார்த்தாள்.

அப்படியே விட்டாள்.



மேசை நிறைய வரைபடத்தை விரித்திருந்தார்கள். நான்கு மூலைகளிலும் தண்ணீர் பாட்டில்கள்.

சாலைப் பொறியாளர் திருமேனிநாதன் பழைய வரைபடத்தைப் பார்த்திருந்தவர். சுங்கச்சாவடி வளைவில் மண் பரிசோதனைகூட முடிந்துவிட்டது என்று ஆட்சியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். புதிய வரைபடத்தில் கண் போனதும் நிறுத்தினார். கண்மாய்க்குள் இருந்த ஒரு புள்ளியில் விரலை வைத்தார்.

"ஏம்மா, லாரி கண்மாய்க்குள்ள எறங்கி நீச்சலடிச்சுப் போயா இடிச்சுச்சு?"

சிரித்தார்கள். கெண்டைக்கும் நஷ்டஈடு உண்டா என்று யாரோ கேட்டார்.

சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"எல்லாரும் கல்லுகிட்டதான் சார் செத்தாங்க. அங்கயே வெச்சா ஒருத்தர்தான் தெரியுறாங்க."

பொறியாளர் விரலை எடுத்துக்கொண்டார்.

ஆட்சியர் எழுந்து வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். அவர் விரல் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போனது. கண்மாய். மைதானம். கண்மாய்.

கடலைக்காட்டில் அந்த விரல் ஒரு கணம் கூடுதலாக நின்றதுபோல அவளுக்குத் தோன்றியது.

நிற்கவில்லை. மற்றவற்றைப்போலத்தான் அதையும் தொட்டது.

சுற்றி முடித்துக் காலி இடத்துக்கு வந்தது. அங்கே நின்றது.

ஒன்று விட்டுப்போய்விட்டதா என்று கேட்டார் ஆட்சியர்.

இன்னும் இல்லை என்றாள்.

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் எழுந்து எழுந்து அடங்கியது. கெண்டையைப் பற்றிக் கேட்டவர் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அந்த மூலை சுருண்டது. அவள் கையால் நீவி விட்டாள்.

ஆட்சியர் பேனாவை மூடினார். கல் இருந்த இடத்தில், சாலைக்குக் குறுக்கே அதை வைத்தார்.

அங்கே மண்ணை முதலிலிருந்து பரிசோதிக்க வேண்டியிருக்கும் என்றார் பொறியாளர்.

பரிசோதியுங்கள் என்றார் ஆட்சியர்.



கோப்பில் சேர்க்க இறுதிப் பிரதி கேட்டிருந்தார்கள்.

இருக்கைக்குத் திரும்பி வரைபடத்தைத் திறந்தாள். சன்னலில் வெயில் இறங்கியிருந்தது. அம்மா இந்நேரம் பேருந்து ஏறியிருப்பாள்.

புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சற்றே நகர்த்தினாள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி. மைதானத்தில் இருந்தது சாலையோரம் போனது. தம்பி கடலைக்காட்டிலிருந்து வரப்புவரை வந்தான்.

வட்டம் மூடிக்கொண்டது.

இன்னொருவருக்கு இடமில்லை.