அடுத்த வருஷத்துக் கார்டு

கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேசையில் மத்தியான வெயில் விழுந்து, மதர்போர்டின் மேல் மினுங்குகிறது. முடி கொட்டிய தலையைக் கம்பளித் தொப்பியால் மூடியிருக்கும் மகள், ரேம் செருகும் காலி இடத்தை விரலால் தடவுகிறாள். "கேம் விளையாட இப்போதைக்கு ஒரு ரேம் போதும்பா. கிராபிக்ஸ் கார்டும் சின்னதே போதும். பவர் சப்ளை மட்டும் பெருசா வாங்கிட்டா பின்னாடி நல்ல கார்டு போட்டுக்கலாம்." "அடுத்த வருஷமே போட்டுடலாம், கண்ணு," என்று அப்பா வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறார். மூன்று மாதம்தான் என்று டாக்டர் கைவிரித்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. பெட்டியை எடுக்கக் கடைக்காரர் திரும்புகிறார். அவள் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்கிறாள். "அந்தக் கார்டு வாங்க வர்றப்போ தம்பியைக் கூட்டிட்டு வாங்கப்பா. அவனுக்கு நீல லைட்டு எரியிறதுதான் பிடிக்கும்."