சென்னை வழியாக ஓர் இருக்கை

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், மிஸ்டர் நைனா முகமது."

"நைனா முகமது எங்க அத்தா பேரும்மா. என் பேரு சாதிக். சாதிக் பாட்சா."

பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. பயணியை அந்தப் பெயரால்தான் அழைக்க வேண்டும் என்பது விமான நிறுவனத்தின் விதி. தமிழ்நாட்டுக்காரர்கள் உதவி எண்ணில் அழைக்கும்போதெல்லாம் மாரீஸ்வரி அவர்களுடைய அப்பாக்களோடுதான் பேசிக்கொண்டிருப்பாள்.

டொராண்டோவிலிருந்து வந்த விமானம் துபாயில் தாமதமாக இறங்கியது. மதுரை விமானம் காத்திருக்கவில்லை.

சாதிக் நடுவானில் இருந்தபோதே கணினி அவரை நாளை இரவு மதுரை போகும் விமானத்துக்கு மாற்றி, ஓட்டல் அறையும் சாப்பாட்டுக் கூப்பனும் ஒதுக்கிவிட்டது. மனிதர் யாரும் அதைச் செய்யவில்லை. எனவே கோபப்படுவதற்கும் யாரும் இல்லை, போனை எடுத்த மாரீஸ்வரியைத் தவிர.

சாதிக் கோபப்படவில்லை.

"ஓட்டல் வேண்டாம்மா. அத்தாவுக்கு ரொம்ப சீரியஸ்னு சொல்றாக. நாளைக்கு விடியறதுக்குள்ள நான் ஊர்ல இருக்கணும். மதுரைக்குத் தெக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, ராஜபாளையம்னு ஒரு ஊரு. உங்களுக்குத் தெரியாது."

"சரிங்க சார்."

அவள் ஜன்னலுக்கு வெளியே சஞ்சீவி மலை வெயிலில் கிடந்தது.

ராஜபாளையத்தில், பள்ளிவாசலுக்குப் பின்புறம், மாடியில் அவளுடைய வாடகை வீடு. தமிழில் பேச விரும்பும் பயணிகளுக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்க விமான நிறுவனம் எடுத்த சிலரில் ஒருத்தி. எந்த ஊரிலிருந்து பேசுகிறாள் என்று சொல்லக்கூடாது. கேட்டால் சென்னை.

ஜன்னலும் மூடியிருக்க வேண்டும். அன்று மாதாந்திர மின்தடை. கணினி பேட்டரியில் ஓடியது, மின்விசிறி ஓடவில்லை. திறந்து வைத்திருந்தாள்.

சென்னை விமானத்தில் ஓர் இருக்கை இருந்தது. திரையில் மஞ்சளாகத் தெரிந்தது. சென்னையில் இறங்கி ராத்திரியே கார் பிடித்தால் விடியும்போது ராஜபாளையம்.

ஆனால் மஞ்சள் என்றால், அடிக்கடி பயணம் செய்து தங்க அட்டை வாங்கியவர்களுக்கென ஒதுக்கிய இருக்கை. சாதிக்கின் டிக்கெட் இருப்பதிலேயே மலிவானது. அப்படிப்பட்டவருக்கு அந்த இருக்கையைத் திறக்க ஒரே ஒரு காரணத்தைத்தான் கணினி ஏற்கும். குடும்பத்தில் மரணம். நோய் கணக்கில் வராது.

"சார், மரணம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இப்பவே மாத்திருவேன். சர்டிபிகேட்டெல்லாம் பொறவு குடுத்துக்கலாம்."

எல்லா அழைப்புகளும் பதிவாகின்றன. இதற்கு மேல் அவளால் சொல்ல முடியாது.

"உசுரோட இருக்க மனுசனை ஒரு சீட்டுக்காக எப்படிம்மா அப்படிச் சொல்லுவேன்?"

"சும்மா கம்ப்யூட்டருக்குத்தான் சார்."

"கம்ப்யூட்டருக்குன்னாலும் என் வாயில இருந்துல்ல வரணும்."

எதிர்முனையில் விமான நிலைய அறிவிப்பு ஒன்று கடந்து போனது.

"பொறவுங்கிறீக. உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"சென்னை சார்."

"சென்னைக்காரவுக பொறவுன்னு சொல்லி நான் கேட்டதில்ல." சிரித்தார். களைத்துப்போன சிரிப்பு.

இருக்கை இன்னும் மஞ்சளாகவே இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் யாராவது ஒரு தங்க அட்டைக்காரருக்குப் போய்விடும்.

பேட்டரியில் ஓடும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ மைக்கை விரலால் தட்டினார்கள்.

குடிவந்த புதிதில் அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கவனிப்பாள். இப்போதெல்லாம் காதில் ஏறுவதில்லை. ஸலாம் சொன்னது ஏறவில்லை. தெருவின் பெயரைச் சொன்னதும் ஏறவில்லை.

"...பேண்டேஜ் கம்பெனி நைனா முகமது ராவுத்தர் அவர்கள் இன்று காலை மவுத்தாகிவிட்டார்கள். அன்னாரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருப்பதால், நாளை காலை ஒன்பது மணிக்கு நல்லடக்கம் செய்யப்படும்."

பயணத்தில் இருப்பவரிடம் இந்தப் பக்கத்தில் யாரும் சாவைச் சொல்வதில்லை. சீரியஸ் என்பார்கள். வழியில் தனியாக இருந்து அழ வேண்டாம் என்று.

மாரீஸ்வரி எட்டி ஜன்னலை இழுத்து மூடினாள். அதற்குள் அறிவிப்பு மறுபடியும் தொடங்கியிருந்தது. எப்போதும் இரண்டு முறை சொல்வார்கள். மூடிய கண்ணாடி வழியாகவும் அந்தப் பெயர் தெளிவாகவே வந்தது.

காதில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

பயணி நெடுநேரம் பேசாமலிருந்தால், பெயரைச் சொல்லி, இணைப்பில் இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். அவள் வாய் திறந்தாள். அந்தப் பெயர் வரவில்லை.

"எங்க பள்ளிவாசல் மோதினார் குரலும்மா அது" என்றார் சாதிக்.

பிறகு, யாரிடமோ அனுமதி கேட்பதுபோல்:

"இப்ப போட்டுக்கோங்கம்மா."

அவள் மரணம் என்பதைத் தேர்ந்தெடுத்தாள். இருக்கை பச்சையானது.

அடுத்து, இறந்தவரின் பெயர் என்ன என்று திரை கேட்டது.

மாரீஸ்வரி அவரிடம் கேட்கவில்லை.