கம்பிக்குச் சிவப்புப் பூச்சு

ஓமானின் சூர் நகரத்துக் கடற்காற்று பொல்லாதது. தகட்டால் உரசித் தீ மூட்டும் பொறிக்கம்பியைச் சும்மா விட்டால் வெளுத்து உதிர்ந்துவிடும். அதனால் குளிர்காலக் கூடாரங்களைப் பிரித்ததும் ஹுமைத் கம்பியைத் துடைத்து, மனைவி ஷம்ஸாவின் சிவப்பு நெயில் பாலிஷைப் பூசி, துணியில் சுற்றிப் பேரீச்சம்பழ டப்பாவில் வைப்பான்.

இந்த முறை யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் முன்னதாகவே வைத்துவிட்டான். மறுநாள், கம்பி பையில் இருக்கும் என்ற நினைப்பில், தம்பி கல்ஃபான் தொலைந்த ஒட்டகத்தைத் தேடி மணல்மேடுகளுக்குள் போனான். மூன்றாம் நாள், இரவுக் குளிரில் விறைத்த அவன் உடல் கிடைத்தது. பக்கத்தில் அடுக்கிய விறகு எரியாமல் அப்படியே இருந்தது. தேடிப் போனவர்கள் இருட்டில் இரண்டு தடவை அந்த வழியாகவே கடந்திருந்தார்கள்.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டப்பாவைத் திறந்தால் கம்பியின் பூச்சு சுரண்டப்பட்டிருந்தது. ஹுமைத் மறுபடி பூசினான். ஏழு வெள்ளி இப்படிப் போயிற்று.

"கம்பிக்கு என்ன வாராவாரம் கல்யாணமா?" என்றாள் ஷம்ஸா. "பாட்டிலே காலியாயிடுச்சு."

காலி பாட்டிலைக் குப்பையில் போட்டாள்.

"நல்லதாப் போச்சு. பூச்சைச் சுரண்டினாத்தான் பொறி வரும். விறைச்ச கையோட தம்பி எவ்வளவு நேரம் சுரண்டுவான்?" என்றான் ஹுமைத்.

அன்று கம்பியை வெறுமனே வைத்தான். உரசும் தகட்டையும் பக்கத்தில் வைத்தான்.

அடுத்த வெள்ளி திறந்தபோது கம்பி ஒரு விரற்கடை தேய்ந்திருந்தது. அதன்மேல் சிவப்புப் பூச்சு, ஓரம் பிசகாமல், நன்றாகக் காய்ந்திருந்தது.

"நான் தொடலைங்க," என்றாள் ஷம்ஸா.

குப்பைக்கூடையின் அடியிலிருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். அது காலியாகத்தான் இருந்தது.