வலையை இறக்கச் சொன்னவள்

“வலையை இறக்கணும் சார். இப்பவே.”

சொல்லிவிட்டாள். சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று ஜெல்லி அக்காவுக்கே சந்தேகம்.

மின் நிலையத்துக்குள் கடல்நீர் வரும் வாய்க்காலில், கம்பித் தடுப்பில் சிக்கும் குப்பையையும் ஜெல்லிமீன்களையும் வாரிப்போடுவது அவள் வேலை. பேர் வந்ததும் அப்படித்தான்.

புது இன்ஜினியர் கடலைப் பார்த்தார். தூரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது.

“கடல் உள்வாங்கிட்டிருக்குக்கா. ஜெல்லிமீனுக்கு மூளையே கிடையாது. தண்ணி இழுக்கிற பக்கம் அதுவும் போயிடும்.”

“மூளை இல்லதான் சார். ரோஷம் இருக்கே. இழுத்தா எதிர்த்து நீந்தும். கரைக்குத்தான் வரும்.”

ஜெல்லிமீன் கூட்டத்தைத் தடுக்கும் வலையை வாய்க்கால் முகப்பில் இறக்க, கடல்நீரை இழுக்கும் பம்புகளில் ஒன்றை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மேலிடத்திலிருந்து போன் வரும். ஜெல்லிமீன் வராவிட்டாலோ, இன்னொரு போன் வரும். அவளுக்கு வேலை இருக்காது.

“வரலைன்னா உங்க பேரைத்தான் சொல்வேன்.”

“தாராளமா சொல்லுங்க சார்.”

அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்றுகூட அவள் இதுவரை சரியாகக் கணித்தது கிடையாது. வீட்டில் கேட்டால் வரிசையில் நின்று சாட்சி சொல்வார்கள்.

வலை இறங்கியது.

இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவரைப் பார்க்காமல் இருப்பதில் அவள் மும்முரமாக இருந்தாள்.

பிறகு வந்தன.

கடலுக்குள் ஓடும் நீரை எதிர்த்து, குடை குடையாகச் சுருங்கி விரிந்து, ஆயிரக்கணக்கில். வலையில் மோதி மெத்தைபோலக் குவிந்தன. மற்ற பம்புகள் தம் பாட்டுக்கு ஓடின.

இன்ஜினியர் கை நீட்டினார். அவள் கையுறையைக் கழற்றி, புடவையில் ஒரு தரம் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

“அசத்திட்டீங்கக்கா! போன வருஷம் சொல்லாமக் கொள்ளாம வந்து தடுப்பை அடைச்சு, ஊரையே இருட்டாக்கிடுச்சாமே. அன்னிக்குப் பகல்ல இங்க யாரு ட்யூட்டி?”

“ஒரு பயந்தாங்கொள்ளி சார். வர்றதைக் கண்ணால பார்த்தவதான். சொன்னா சிரிப்பாங்களோன்னு வாயைத் திறக்கல.”

“இப்ப எங்க அந்தம்மா?”

“போயிட்டா சார்” என்றாள், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

பதினோரு வருடமாக அந்த வாய்க்கால் மேடையில் பகல் ட்யூட்டி அவள் ஒருத்திதான்.