தலைகீழ்க் கப்பல்

"கப்பலு ஆகாசத்துல தலைகீழா தொங்குதுங்க! சீக்கிரம் போனைச் சுத்துங்க."

"சுத்தினா சிரிப்பாங்க, லூயிசா."

ஸ்தனிஸ்லாஸ் நாற்காலியை விட்டு அசையவில்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். யுத்தம் வந்ததால் சாந்தோம் கரையில் இந்தக் கடல் காவல் வேலை. ஜப்பான்காரன் கப்பல் வருகிறதா என்று விடியற்காலையிலிருந்து பார்த்துக் கோட்டைக்குச் சொல்ல வேண்டும். கஞ்சித் தூக்கோடு மனைவியும் தினம் கூடவே வந்துவிடுவாள். இருவருக்கும் அலுத்துப்போய்விட்டது.

"போன வாரம் நடுக்கடல்ல மதில் சுவரு நிக்குதுன்னு சொன்னோம். இன்னா ஆச்சு? இன்னொரு தபா உளறினா வேலை போயிடும்னு கோட்டை அதிகாரி சொல்லிட்டாரு. வேலை போனா அரிசிச் சீட்டும் போயிடும். பேசாம இரு."

"மாதா மேல சத்தியமா தெரியுதுங்க. ரெண்டு புகைபோக்கி. ரெண்டும் கீழ்ப்பக்கமா கீது. நெசமாவே எதிரி கப்பலா இருந்தா?"

அவர் பெருமூச்சு விட்டபடி போனின் கைப்பிடியைச் சுற்றினார். சொன்னார். மறுமுனையில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பத்து மணிக்கு அதிகாரி அனந்தராமன் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஸ்தனிஸ்லாஸ் சார், ரெண்டு புகைபோக்கின்னேளே, நன்னா எண்ணினேளா?"

"எண்ணினதுதான் சார்."

"அது நம்ம கப்பல்! அடிவானத்துக்கு அந்தண்டை வந்துண்டிருந்தது. குளிர்ந்த கடல் மேல சூடான காத்து படிஞ்சா, மறைஞ்சிருக்கற கப்பல்கூட ஆகாசத்துல தலைகீழாத் தெரியுமாம். கப்பல் கேப்டனே சொன்னார். அடையாறு, திருவான்மியூர் காவல்ல ஒருத்தனும் பார்க்கலை. தூங்கிண்டிருந்திருக்கான்கள்."

"அப்ப என் வேலை..."

"வேலையா? இந்தக் கரையிலேயே கண்ணுன்னா உம்ம கண்ணுதான் ஓய்! நாளையிலேர்ந்து துறைமுகக் கோபுரத்து உச்சியில டியூட்டி. அரிசி ரெட்டைப் பங்கு. ஆனா அங்கே நீர் மட்டுந்தான், ஆத்து மனுஷாளுக்கெல்லாம் அனுமதி கிடையாது."

முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார்.

லூயிசா மணலில் உட்கார்ந்து அழுதாள்.

"உங்க ரெண்டு கண்ணையும் புரை மூடினதிலேர்ந்து ஆறு மாசமா என் கண்ணாலதானே பாத்துக்கினு இருந்தீங்க. அங்க யாருங்க உங்களுக்குக் கடலைப் பாத்துச் சொல்லுவாங்க?"