குதிரையைக் கொடுத்த ஆட்டம்

சிரிக்கிறாள்.

தோற்றுப்போய்விட்டு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

அவன் கை கழுவும் இடத்திலேயே நின்றான். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மாடியில் செஸ் போட்டி இன்னும் நடக்கிறது, அங்கே மூச்சுக்கூட விடக்கூடாது. ஆட்டம் முடிந்தவர்கள் இங்கே இறங்கி வந்து, பந்தி மேசையில் போர்டை விரித்து, ஆடியதை மறுபடி ஆடிப் பார்ப்பார்கள். ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்தே. அது வழக்கம்.

வழக்கம்தான். அதற்காக ஒரு மணி நேரமா?

அவள் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஜெபராஜ். நாகர்கோவிலில் தபால் ஆபீஸ் உத்தியோகம். இன்று காலைக்கு முன்னால் அவர் அனுசுயாவைப் பார்த்ததுகூட இல்லை. இப்போது இரண்டு தலையும் ஒரே போர்டின் மேல் குனிந்திருக்கின்றன.

அனுசுயா இவனுக்குக் கழுத்தை நீட்டி ஒன்பது வருடம். இவனிடம் தோற்றால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். காய்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பொறாமைதான். வேறென்ன?

அவள் ஆடிய ஆட்டமாவது ஒழுங்கா? நாலாவது நகர்த்தலிலேயே குதிரையைத் தூக்கிக் கொடுத்துவிடுவது. பதிலுக்கு ஒரே ஒரு சிப்பாய். அப்புறம் எதிராளியை மூச்சு விடாமல் விரட்டு விரட்டென்று விரட்டுவது. விரட்டல் நின்றால் அதோகதி.

போன வருடம் ஒருநாள் போர்டோடு வந்து நின்றாள்.

"இதப் பழகணும். கொஞ்சம் எதிர்ல உக்காருங்களேன்."

"உனக்கென்ன கிறுக்கா?" என்று சொல்லிவிட்டு அவன் டிவியைப் போட்டான்.

அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. விட்டுவிட்டாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். இன்று மாடியில் தானும் ஆடிக்கொண்டே அவள் போர்டுப் பக்கம் எட்டிப் பார்த்தால், குதிரையைக் காணோம். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தன் ஆட்டத்தை அவசர அவசரமாக டிரா செய்துவிட்டு வெளியே வந்தான். வாசலில் கொடுத்து வைத்திருந்த செல்போனை வாங்கி, அந்த ஆட்டத்தை எப்படி முறிப்பது என்று தேடினான். கிடைத்தது. வாங்கின குதிரையைக் கறுப்பு திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும். வெள்ளைக் காய் வைத்து ஆடும் இவள் ஜம்பமெல்லாம் அதோடு சரி.

கட்டின பெண்டாட்டியின் ஆட்டத்தில் ஓட்டை கிடைத்ததற்கு எவ்வளவு சந்தோஷப்பட்டான்! சே.

இதோ, மறுபடியும் சிரிக்கிறாள். ஜெபராஜ் ஏதோ ஒரு காயை நகர்த்த, ஐயையோ என்று வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்கு வேண்டும். அவள் எதிரே அந்த நாற்காலி வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

நேரே போய் இருவருக்கும் நடுவில் கையை நீட்டினான். பரப்பி வைத்திருந்த காய்களைக் கலைத்து, ஆட்டத்தின் ஆரம்பத்துக்கே கொண்டுபோனான். கறுப்பு பிஷப்பை எடுத்து நடுவில் இறக்கினான்.

"இங்கயே இதப் போட்டிருந்தா முடிஞ்சுது. குதிரைய அவ திரும்ப வாங்கிக்கட்டும். அப்புறம் அவகிட்ட ஒண்ணுமே இல்ல."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ஜெபராஜ் தொண்டையைச் செருமினார். "தெரியும் சார். அதப் போட்டா ஆட்டமே வந்திருக்காதே. மேடம் இவ்ளோ துணிஞ்சு குடுக்காங்க, வாங்கித்தான் பாப்போமேன்னு."

"எனக்கும் தெரியும்ங்க," என்றாள் அனுசுயா.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால்கூடத் தேவலை.

அவன் வைத்த பிஷப்பை எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்தாள். அவன் கலைத்த மற்ற காய்களையும் ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எங்க விட்டோம்?"

பதில் சொல்ல அவன் வாயெடுத்தான்.

அவள் ஜெபராஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.